வெறும் பாறையும் வெந்த காடும்

ஓரிடத்தில் ஒரு தாவரக் கூட்டத்தை அடுத்து இன்னொன்று படிப்படியாக வளர்வதே தாவர வழிமுறை வளர்ச்சி. அதில் முதல்நிலை, இரண்டாம் நிலை என்று இரண்டு உண்டு. வரையறையை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு இடங்களை நினைவில் வைப்பது எளிது.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலடி எரிமலை வெடித்து சர்ட்சி தீவு பிறந்தது. இது முதல்நிலை: அங்கே மண்ணே இல்லை. எரிமலைக் குழம்பும் சாம்பலும்தான். 1965இல் கடற்கரைச் செடி ஒன்று முளைத்தது. பாசிகளும் லைக்கன்களும் (பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் உயிர்கள்) பின்னர் பாறையைப் பற்றின. உண்மையான திருப்பம் 1980களில் கடற்காக்கைகள் கூட்டமாகக் குடியேறியபோதுதான் வந்தது: அவற்றின் எச்சமே உரமாயிற்று. முதல் புதர்ச்செடியான வில்லோ வர 1998 ஆகிவிட்டது. (இடையில் ஒரு தக்காளிச் செடியும் முளைத்தது. ஆராய்ச்சிக்கு வந்த மனிதரின் மலத்தோடு வந்த விதை! பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.)

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1988இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீயில் கருகியது. ஆனால் மண் இருந்தது; அதனால் இது இரண்டாம் நிலை. பல இடங்களில் வேர்களும் பிழைத்தன. பிசினால் மூடிய லாட்ஜ்போல் பைன் கூம்புகளோ நெருப்பின் வெப்பத்தில்தான் திறந்து விதை சிந்தும். அடுத்த ஆண்டே நாற்றுகள் தலைகாட்டின.

தேர்வில் வேறுபாடு கேட்டால் முதலில் மண்ணைப் பற்றி எழுதுங்கள். வேகம் அதன் விளைவுதான்.