மியாட்டா ஆயில் ஃபில்டருக்கு கப் ரென்ச், தாராளமா வாங்கலாம்

1989ல வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா கார் வச்சிருக்கவங்களுக்கு இந்தக் கஷ்டம் நல்லாத் தெரியும், ஆயில் ஃபில்டர், இன்ஜினுக்கு காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், மேல இருந்து கை விட்டா ஹோஸும் பிராக்கெட்டும்தான் தட்டுப்படும். செயின் ரென்ச் சுத்துறதுக்கெல்லாம் அங்க இடமே கிடையாது. இந்த கப் ரென்ச்சோட ஸ்டீல் கப் ஃபில்டரோட அடிப்பக்கத்துல கச்சிதமா உக்காருது, வலது முன் வீலைக் கழட்டிட்டு அந்தப் பக்கமா நீளமான எக்ஸ்டென்ஷனோட ராட்செட்டை விட்டா கொஞ்சம் அழுத்துனதும் லூஸ் ஆயிடுது, மிச்சத்தை கையாலயே திருகி எடுத்துடலாம். ரொம்ப நிம்மதி!

ஆனா எல்லா ஃபில்டருக்கும் ஒரே கப் சேராது, கம்பெனிக்கு கம்பெனி விட்டமும் ஃபில்டர் ஓரத்துல இருக்கிற பட்டை எண்ணிக்கையும் மாறும், அளந்து பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க. கழட்டும்போது ஆயில் வழியத்தான் செய்யும், கீழ துணி திணிச்சு வைங்க. முக்கியமா பழைய ரப்பர் ரிங் இன்ஜின்லயே ஒட்டிட்டு இருக்கான்னு தடவிப் பாருங்க, அது மேலயே புதுசை மாட்டினா ஆயில் மொத்தமும் பீச்சி அடிச்சு இன்ஜினே போயிடும். புது ரிங்ல ஆயில் தடவி கையாலதான் டைட் பண்ணணும், இந்த ரென்ச் கழட்ட மட்டும். விலையும் கம்மிதான், மியாட்டா இருந்தா டூல் பாக்ஸ்ல கண்டிப்பா வேணும்.