காலா பானி: தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கணக்கு

கொரோனாவை அனுபவித்தது போதாதா, இன்னொரு தொற்றுநோய்க் கதையை வேறு உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று ரொம்ப நாள் தள்ளிப்போட்டேன். நெட்ஃபிளிக்ஸில் 2023 அக்டோபரில் வந்த இந்தித் தொடர், மொத்தம் 7 எபிசோட். ஒரு சனிக்கிழமை ராத்திரி சும்மா ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தவன் மூன்றாவது முடிந்தபிறகுதான் மணி பார்த்தேன்.

கதை நடப்பது 2027இல், அந்தமானில். போர்ட் பிளேரில் பெரிய திருவிழாவுக்கு ஏற்பாடு, சுற்றுலாக் கூட்டம் வேறு. அந்த நேரம் பார்த்து ஒரு விசித்திரக் காய்ச்சல் தலைகாட்டுகிறது: கழுத்தில் கருப்பாகத் தடிப்பு, அப்புறம் ரத்தம் ரத்தமாக இருமல், அவ்வளவுதான் ஆள் காலி. டாக்டர் சௌதாமினியாக வரும் மோனா சிங் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார், கேட்பாரில்லை. அவர் வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தச் சிடுசிடுப்பும் பிடிவாதமும் கடைசிவரை மனசில் நிற்கிறது.

இது முழுக்கக் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள், இந்த இடத்தில்தான் எனக்குத் தொடர் மேல் மரியாதை வந்தது. 1980களின் கடைசியிலிருந்து வடக்கு அந்தமானில், மழைக்காலம் ஓய்கிற சமயத்தில், காய்ச்சலோடு ரத்தம் கக்கி ஆட்கள் செத்தார்கள். காரணம் தெரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிறகுதான் அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது நம்மூர் எலிக்காய்ச்சல், நுரையீரலைத் தாக்கும் வடிவம் என்று கண்டுபிடித்தார்கள். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும்தான் வழி. காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும். நிஜத்தில் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் எல்லாம் கேட்கும். தொடரில் வரும் காய்ச்சலுக்கு எல்எச்எஃப்-27 என்று பெயர், இதன் கற்பனை அண்ணன், எந்த மருந்துக்கும் அடங்காதவன்.

ஆனால் தொடரின் பலம் கிருமி இல்லை, தூரம். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் பக்கம் ஆகிற இடம். விமானத்தையும் கப்பலையும் நிறுத்திவிட்டால் உள்ளே இருப்பவன் கதி என்ன? குடும்பத்தோடு ஊர் சுற்ற வந்த சந்தோஷ் (விகாஸ் குமார்) ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். அந்த மனுஷன் வாயைத் திறந்து அழக்கூட மாட்டார், முகத்திலேயே எல்லாம் தெரியும். காசுக்கு விலைபோகிற போலீஸ்காரராக அமேய் வாக், வண்டி ஓட்டிப் பிழைக்கும் சிருவாக சுகாந்த் கோயல். இரண்டு பேரையும் நல்லவனா கெட்டவனா என்று சட்டென்று முடிவுகட்ட முடியவில்லை. 'லகான்' எடுத்த அசுதோஷ் கோவாரிகர் துணைநிலை ஆளுநராக வருகிறார். நடிப்பு கொஞ்சம் விறைப்புதான், பதவிக்கு அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

குறையும் இருக்கிறது. நாலாவது எபிசோடுக்கு மேல் யாரைப் பார்த்தாலும் ஒரு தர்மசங்கடக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், கூடவே அதற்கு ஒரு குட்டிக்கதை. தேளும் தவளையும் கதையை இன்னும் எத்தனை பேர் சொல்லுவீர்கள், விடுங்கப்பா. நீளத்தையும் குறைத்திருக்கலாம்.

ஒராகா என்று ஒரு கற்பனைப் பழங்குடியைப் படைத்திருக்கிறார்கள். ஊரைக் காப்பாற்ற அவர்களைப் பலி கொடுக்கலாமா என்பதுதான் நடுக்கேள்வி. நல்ல கேள்வி, ஆனால் அவர்களைப் பாதி நேரம் தூரத்தில் நிறுத்தியே காட்டுவது உறுத்துகிறது. 1877இல் வெளியாட்கள் கொண்டுவந்த தட்டம்மை கிரேட் அந்தமானிய மக்களைக் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போன தீவு இது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு நோய் போனது என்பது இன்னும் கசப்பாக இருக்கும்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், ரத்தம் நிறைய. சாப்பிட்டுக்கொண்டே பார்க்கவும் வேண்டாம், நான் பார்த்துக் கெட்டேன். கடைசி எபிசோட் முடிச்சுகளை அவிழ்க்காமலே நின்றுவிடுகிறது, இரண்டாவது சீசன் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். பாதியில் நிற்கிற கதை ஆகாது என்பவர்கள் இரண்டையும் சேர்த்து வைத்தே பார்க்கலாம்.