லோயர் லிங்க் பந்து தேய்ந்தால்: முனையை மட்டும் மாற்றுவதா, முழுக் கையையா?

கல்டிவேட்டரை மாட்டி டிராக்டரை நகர்த்தும்போதே 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? டிராக்டரின் பின்னால் கருவியைத் தூக்கும் இரண்டு கீழ்க் கைகள்தான் லோயர் லிங்க்; அவற்றின் முனையில், பின் நுழையும் துளையோடு சுழலும் உருண்டைதான் பந்து. பின்னை உருவிவிட்டுப் பந்தின் துளையைப் பாருங்கள். கேட்டகிரி 1 (இணைப்பின் அளவு வகை) வண்டிகளில் கீழ்ப் பின் 22 மி.மீ., கேட்டகிரி 2-இல் 28 மி.மீ. துளை முட்டை வடிவமாகியிருந்தால் பந்து தேய்ந்துவிட்டது. சுற்றவே மறுத்தால் அது துருவாக இருக்கலாம்; டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கம்பியால் நெம்பிப் பாருங்கள்.

பழைய முனையை அறுத்துவிட்டு, பந்தோடு வரும் புது முனையைப் பற்றவைப்பது செலவு குறைந்த வழி. ஆனால் எல்லாம் வெல்டரின் கையில்தான் இருக்கிறது. இரண்டு விளிம்பையும் சாய்வாகத் தேய்த்து, உள்வரை இரும்பு இறங்கும்படி வைக்க வேண்டும். மேலாகப் பூசினால், ரொட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது விட்டுப்போகும். பக்கத்தில் ஆள் நின்றால் என்ன ஆகும்! சூட்டோடு தண்ணீர் ஊற்றவே கூடாது, இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அறுப்பதற்கு முன் மறு கையைத் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை அளந்துகொள்ளுங்கள். நீளம் மாறினால் கலப்பை கோணலாகவே இழுபடும்.

முழுக் கை வாங்கினால் செலவு கூடும், வேலை சீக்கிரம் முடியும். இரண்டு முனையும் புதிது. வளைவும் நீளமும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பழைய கையைக் கடைக்கே எடுத்துப் போங்கள்.

கை நேராக இருந்து ஒரு முனை மட்டும் போயிருந்தால் நான் வெல்டிங்தான் வைப்பேன். வளைந்திருந்தாலோ, மயிரிழை விரிசல் கண்ணில் பட்டாலோ புதுக் கைதான்.