ஆபரேஷனுக்கு முன் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

என் தங்கைக்கு 31 வயது. நெஞ்சில் பாரம் என்று போனவளுக்கு, சி.டி. ஸ்கேனில் பெருநாடி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) 5.8 செ.மீ. வரை வீங்கியிருக்கிறது, வெடித்தால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆபரேஷன் என்றார்கள். வீக்கம் உண்மை, ஆபரேஷன் தேவை என்பதும் உண்மை. ஆனால் இந்த வயதில் ஏன் வீங்கியது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

முதல் நாளே நர்ஸ் இடது கையில் பி.பி. பார்த்தார், மேல் அளவு 90. மெஷின் சரியில்லை என்று வேறொன்று கொண்டுவந்தார், அதிலும் 90. அப்புறம் வலது கையில் 140 வந்ததும் அதை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் தகாயாசு நோயா என்று சந்தேகப்பட வேண்டுமாம். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஒருவர் விவரித்த ரத்தக்குழாய் அழற்சி அது, பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். வேறு 84 என்று எகிறியிருந்தது. கேட்டால் "ஏதாவது இன்ஃபெக்‌ஷனா இருக்கும்மா" என்றார் சர்ஜன். இன்ஃபெக்‌ஷன் என்றால் அதோடு எப்படி நெஞ்சைத் திறப்பீர்கள் என்று கேட்க எனக்கு அப்போது புத்தி வரவில்லை.

"உடனே" என்றவர்கள் தேதி கொடுத்தது மூன்று வாரம் கழித்து! அழற்சி அடங்காத சுவரில் செயற்கைக் குழாயை வைத்துத் தைத்தால் தையல் விட்டுப்போகும் ஆபத்து அதிகம், அதனால் அவசரம் இல்லாவிட்டால் ஸ்டீராய்டு மாதிரி மருந்து கொடுத்து அடக்கிவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். அந்த மூன்று வாரமும் சும்மாவே போனது.

ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாதம் தையல் போட்ட இடத்திலேயே மறுபடி வீக்கம். வேறு மருத்துவமனையில் திறந்த நெஞ்சையே மறுபடி திறந்தார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது, அதுவும் சின்ன வயதில், பெருநாடி வீக்கம் என்றால் இரண்டு கையிலும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள், இந்த மாதிரி அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட் பார்த்தாரா என்று கேளுங்கள். ஈ.எஸ்.ஆர். நார்மலாக இருந்தாலும் சுவருக்குள் அழற்சி இருக்கலாம் என்பதால் அந்த ஒரு நம்பரை நம்பி விட்டுவிடாதீர்கள். வெட்டியெடுக்கும் துண்டு பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) போகுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது இடத்து ருமட்டாலஜிஸ்ட் வந்ததும் தங்கையின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்து நாடி பார்த்தார், பிறகு முதல் ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டின் பயாப்ஸி ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். பழைய இடத்துக்குப் போன் போட்டேன். அனுப்பவே இல்லையாம்.