ஏஆர்டி கூட குடுக்குற அந்த பெரிய வெள்ள மாத்திரை: பல வருஷம் போட்ட அனுபவம்

ஏஆர்டின்னா ஹெச்ஐவிய அடக்க தினமும் போடுற மருந்து. எல்லாரும் அதுல உள்ள டோலுடெக்ராவிர் எப்படி, தூக்கம் கெடுதா, வெயிட் போடுதான்னு தான் கேக்குறாங்க, மத்த தொற்று வராம இருக்க கூடவே குடுக்குற கோட்ரைமாக்சசோல் பத்தி ஒருத்தரும் வாயே தொறக்கறதில்ல. செப்ட்ரான், பாக்ட்ரிம்னு பல பேர்ல வரும். நான் ரெண்டையும் சேத்து ரொம்ப காலம் போட்டவன், அதனால இது முக்கியமா ரெண்டாவது மாத்திரைக்கான ரிவ்யூ.

எனக்கு ஹெச்ஐவி இருக்குறது தெரிஞ்சதே லேட்டு, அப்ப சிடி4, அதாவது எதிர்ப்பு சக்தி செல்களோட எண்ணிக்கை, 200க்கு ரொம்ப கீழ. ஏஆர்டி ஆரம்பிச்சதும் வைரல் லோட் (ரத்தத்துல உள்ள வைரஸ் அளவு) சில வாரத்துலயே மளமளன்னு எறங்கிடுச்சு, அந்த விஷயத்துல டோலுடெக்ராவிர அடிச்சுக்க ஆளில்ல, ஆனா சிடி4 அந்த வேகத்துல ஏறாது, மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல ஊர்ந்து தான் வரும். வைரஸ் அடங்கிடுச்சு, எதிர்ப்பு சக்தி இன்னும் வந்து சேரல, இந்த நடுவுல உள்ள காலத்துல தான் சந்தர்ப்பவாத தொற்றெல்லாம் உள்ள நுழையும். ரிப்போர்ட்ல வைரஸ் தெரியலன்னு வந்தா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, முடியல. சிடி4 200க்கு கீழ நியூமோசிஸ்டிஸ்ங்கற பூஞ்சையால வர்ற நிமோனியா, 100க்கு கீழ போனா மூளையில டாக்சோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணி, 50க்கும் கீழன்னா கண்ணுல சிஎம்விங்கற வைரஸ். இதுல மொத ரெண்டையும் இந்த ஒரே மாத்திரை தடுக்குது, சில பாக்டீரியா தொற்றையும் சேத்து. விலை கம்மியான பழைய மருந்து, அதனாலயோ என்னவோ ஒரு மதிப்பே இல்ல.

சல்ஃபாமெத்தாக்சசோல் 800, ட்ரைமெத்தோப்ரிம் 160 மி.கி., தினமும் ஒண்ணு. சைஸ் தான் கொடுமை, தொண்டையில போய் நிக்கும், பாதியா உடைச்சா கசப்பு நாக்க விட்டு போகாது. நிறைய தண்ணி குடிக்கச் சொல்வாங்க, குடிங்க.

ரெண்டாவது வாரம் மார்புலயும் கையிலயும் பொடிப்பொடியா செவந்து அரிக்க ஆரம்பிச்சுது. டாக்டர் மொதல்ல பாத்தது ரேஷ் இல்ல, வாய்க்குள்ள புண் இருக்கா, கண்ணு செவந்திருக்கா, காய்ச்சல் இருக்கா, தோல் உரியுதான்னு. இதுல ஏதாவது இருந்தா மாத்திரைய உடனே நிறுத்திட்டு ஓடி வரணும்னார். எனக்கு எதுவும் இல்ல, அரிப்புக்கு மருந்து குடுத்து தொடரச் சொன்னார், தானா அடங்கிடுச்சு. ஒத்துக்காதவங்களுக்கு டாப்சோன் மாதிரி வேற வழி இருக்கு, அதுக்கு முன்னாடி ஜி6பிடிங்கற நொதி கம்மியா இருக்கான்னு டெஸ்ட் பாப்பாங்க. பொட்டாசியம் ஏறலாம், அதுக்கும் ப்ளட் டெஸ்ட். கிட்னி டெஸ்ட்ல வர்ற க்ரியாட்டினின் கொஞ்சம் கூடியிருந்தா பதறாதீங்க, ட்ரைமெத்தோப்ரிம், டோலுடெக்ராவிர் ரெண்டுமே கிட்னிய கெடுக்காமலே அந்த நம்பர ஏத்தும், ஆனா அது அதனாலதானான்னு டாக்டர் தான் சொல்லணும்.

பெரிய மைனஸ், இது டிபிய தடுக்காது. எனக்கு ஏஆர்டி ஆரம்பிச்சு கொஞ்ச வாரத்துல பசியெல்லாம் திரும்பி உடம்பு தேறிட்டு வர்ற நேரத்துல, கழுத்துல கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி, சாயங்காலம் ஆனா காய்ச்சல், மருந்தே ஒத்துக்கலயோன்னு ஒரு பயம், டாக்டர்ட்ட காட்டினா விஷயமே வேற. டிபி ஏற்கனவே உள்ள இருந்துருக்கு, அதோட சண்டை போட உடம்புல ஆள் இல்லாததால வெளிய தெரியல, ஏஆர்டியால சக்தி திரும்பினதும் சண்டை தொடங்கி வீங்கிடுச்சு. இப்படி சக்தி திரும்பும்போது வர்ற வீக்கத்த ஐரிஸ் (IRIS)ம்பாங்க, பெரும்பாலும் மொத மூணு மாசத்துக்குள்ள வரும். டிபி மருந்து ஆரம்பிச்சப்புறமும் கட்டி கொஞ்ச நாள் பெருசாயிட்டு தான் எறங்குச்சு. ஏஆர்டிய நிறுத்தவே இல்ல. டிபி மருந்துல உள்ள ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிர ரத்தத்துல குறைச்சிடும், அதனால 50 மி.கி. ஒருவேளைக்கு பதிலா காலையும் ராத்திரியும், டிபி மருந்து முடிஞ்சும் இன்னும் ரெண்டு வாரம் அப்படியே. யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், அது ஒண்ணும் இல்ல.

ஆனா எல்லா தொற்றுக்கும் உடனே ஏஆர்டின்னு கிடையாது. கிரிப்டோகாக்கஸ்ங்கற பூஞ்சையால வர்ற மூளைக்காய்ச்சல் இருந்தா மொதல்ல அதுக்கு வைத்தியம், ஏஆர்டி 4 முதல் 6 வாரம் தள்ளிப் போகும், இல்லன்னா ஐரிஸ் உயிருக்கே ஆபத்து. சிடி4 ரொம்ப கம்மியா இருக்குறவங்க ஏஆர்டிக்கு முன்னாடி கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டு வச்சுக்கோங்க. தலைவலி விடாம இருந்தா அது இதுவா இருக்கலாம், மாத்திர போட்டு சமாளிக்காதீங்க.

கோட்ரைமாக்சசோல எப்ப நிறுத்துறது? சிடி4 200க்கு மேல மூணு மாசமாவது நிலையா நின்னு வைரல் லோடும் அடங்கியிருந்தா சில இடத்துல நிறுத்துறாங்க, சில இடத்துல 350 வரைக்கும் காத்திருக்காங்க, மலேரியா அதிகமா உள்ள பகுதின்னா தொடரவும் சொல்வாங்க. எனக்கு டாக்டரே ரிப்போர்ட்ட பாத்து நிறுத்தினார், அதுக்கப்புறம் நிமோனியா எதுவும் வரல.

அக்கி மட்டும் வந்துச்சு, சிடி4 நல்லா இருந்த காலத்துலயே, விலாவுல ஒரு பக்கமா எரிச்சலோட கொப்புளம். அதுக்கு சிடி4 கணக்கெல்லாம் இல்ல போல. 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா நல்லதுன்னு தெரிஞ்சிருந்ததால அன்னிக்கே போயிட்டேன். டிபியும் அப்படித்தான், சிடி4 ஏறினாலும் மத்தவங்கள விட நமக்கு ரிஸ்க் கூட. இப்பவும் ஒவ்வொரு விசிட்டுக்கும் அதே நாலு கேள்வி தான், இருமல், காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையுதான்னு. ரெண்டு வாரம் இருமினா தான் சொல்லணும்னு இல்ல, நமக்கு எத்தன நாள் இருமலா இருந்தாலும் சொல்லிடணும்.