எடைக்கு வந்த இரண்டு சைக்கிள்கள்: பழைய பாணி வண்டி கட்ட எது உகந்தது?

திருமங்கலத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் எடைக்கு வந்து கிடந்த இரண்டு சைக்கிள்களை வாங்கிவந்து, அவற்றில் எதைக் கொண்டு அந்தக் காலத்துத் தோற்றமுள்ள வண்டி ஒன்றைக் கட்டுவது என்று சில வாரங்கள் குழம்பியபின், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக்) உள்ள 28 அங்குல அட்லஸைத் தேர்ந்தேன். மற்றொன்று 26 அங்குலக் கியர் சைக்கிள். பழைய பாணியில் புதிதாகவே விற்கும் வண்டியை வாங்குவது மூன்றாவது வழி. கையில் கிரீஸ் படாமல் ஓட்ட விரும்புவோர் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

தோற்றத்தில் போட்டியே இல்லை. அட்லஸின் குழாய்கள் லக் எனப்படும் உறைகளுக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. கியர் சைக்கிளின் தடித்த குழாய்களுக்கு எத்தனை கருப்புப் பெயின்ட் அடித்தாலும் வெல்டிங் தழும்பு மறைவதில்லை. செலவும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தேர்வை உண்மையில் முடிவுசெய்தது சக்கரம். கியர் சைக்கிளுக்கு மெல்லிய டயர் மாட்டினால் பழைய களை வந்துவிடும் என்று எண்ணி, ரிம் 26 அங்குலம்தானே என்ற துணிவில் 26 x 1⅜ டயர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். அது ரிம்மின்மேல் வளையல்போலத் தொளதொளவென்று சுழன்றது. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் அதைக் கையில் வாங்கி, "அங்குலத்தை விடுங்க தம்பி, ஓரத்துல சின்னதா ஒரு நம்பர் இருக்கும், அதைப் பாருங்க" என்றார். டயர் ரிம்மில் அமரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் எண் அது. 26 x 1⅜ டயரில் அது 590. கியர் சைக்கிளின் 26 அங்குல ரிம்முக்கோ 559. பெயர் ஒன்றாயிருந்தும் 31 மில்லிமீட்டர் வேறுபாடு. இதே குழப்பம் 28 அங்குலத்திலும் உண்டு: அட்லஸ் போன்ற பழைய ரோட்ஸ்டர் வண்டியின் 28 x 1½ டயருக்கு 635, இன்றைய 700சி சக்கரத்துக்கு 622, ஆனால் பின்னதையும் சில இடங்களில் 28 என்றே அழைக்கிறார்கள்.

கியர் சைக்கிளின் ரிம்மை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. ஸ்போக்குகள் நுழைகிற உட்புறத்தை, அவற்றின் இருமருங்கிலும் அழுத்துகின்றன. அதற்கென்றே வளைத்த ரிம்மில்தான் அவை வேலைசெய்யும். அந்த ரிம்மின் உருண்ட பக்கத்தில் கேபிள் பிரேக்கை வைத்தாலோ சரியாகப் பிடிக்காது. ஆகவே ரிம், டயர், பிரேக் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும். அட்லஸில் அந்தக் குடும்பம் பிரியாமல் இருந்தது. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்ற பழைய கணக்கிலேயே ஸ்போக்குகளும் இருந்தன. துருவேறிய சிலவற்றை மாற்றிக் கோட்டம் எடுத்ததோடு சக்கர வேலை முடிந்தது.

இந்தப் பாகங்கள் இனியும் கிடைக்குமா என்பதுதான் பலருக்கும் எழும் ஐயம். 1951இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ், 2020 ஜூன் 3 அன்று, அதுவும் உலக மிதிவண்டி தினத்தில், சாகிபாபாத் ஆலையின் வேலையை நிறுத்தியது. ஆனால் இந்த வகை வண்டிகளின் பாகங்கள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஹீரோவுக்கும் ஹெர்குலிசுக்கும் விற்கும் 28 x 1½ டயரும், பிரேக் கட்டையும், பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னும் இதற்கும் பொருந்தும். பால்காரர்களும் மூட்டை ஏற்றுவோரும் இவ்வண்டியை இன்னும் ஓட்டுவதால், அருகிலுள்ள செக்கானூரணிப் பக்கம்கூட இவற்றுக்காக நான் அலைய நேரவில்லை.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ 20 கிலோ எடையும் ஒரே பல்சக்கரமுமாக ரயில்வே மேம்பாலம் ஏறும்போது தொடை கெஞ்சும். மழையில் நனைந்த குரோமிய ரிம்மில் பிரேக் பிடிக்கத் தயங்குவது இதைவிடப் பெரிய குறை. நான் ஓட்டியது ஒரே ஒரு மழைக்காலம் என்பதால், போகப்போக ரிம் துருவை எவ்வளவு தாங்கும் என்பதில் உறுதி கூற மாட்டேன். காட்டர் பின்னைப் பொறுத்தவரை, மரையை முறுக்கி அதை உள்ளே இழுக்கக் கூடாது. சுத்தியலால் அடித்து இறுக்கி, ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி அடித்து மரையை முறுக்க வேண்டும். இல்லையேல் பெடல் ஒவ்வொரு சுற்றிலும் டக் டக்கென்று அடித்துக்கொண்டே வரும்.

கியர் சைக்கிளுக்கு அதற்குரிய 559 டயரையே மாட்டிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன்; அவன் அதைக் கியர் சைக்கிளாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறான்.