குன்னூரிலிருந்து காமிக் கான்: சென்னையா, பெங்களூருவா?

அப்பாவுக்கு 72 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 1980களில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே பார்த்தவர். அதில் வரும் ஸ்பாக் அணியும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே தொடரைப் பிடித்த நாலு பேரோடு ஒரு நாள் பேச வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. குன்னூர் கடைவீதித் தையல்காரரிடம் இரண்டு சட்டை தைக்கக் கொடுத்தோம். அப்பாவுக்கு நீலம், அதாவது அறிவியல் பிரிவு. எனக்குச் சிவப்பு, பொறியியல் பிரிவு. காமிக்ஸ், திரைப்பட, தொடர் ரசிகர்கள் வேடம் போட்டுக் கூடும் விழாதான் காமிக் கான். ஒரு ஜனவரியில் பெங்களூரு காமிக் கானுக்குப் போனோம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சென்னை. மலையிலிருந்து யாராவது போகத் திட்டமிட்டால் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன். என் மனம் சென்னை பக்கம்தான் சாய்கிறது.

ஸ்டார் ட்ரெக்குக்கு மட்டுமே நடக்கும் விழா வேண்டுமென்றால் வெளிநாடுதான். லாஸ் வேகாஸில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும். ஜெர்மனியில் 1992 முதல் நடக்கும் ஃபெட்கான் பெரிய அறிவியல் புனைவு விழா. விசா, விமானம், அப்பாவின் முழங்கால் என்று கணக்குப் போட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது காமிக் கான் மட்டுமே. அங்கே அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன்களும் சூப்பர் ஹீரோக்களும்தான் கூட்டத்தின் பெரும்பகுதி. ஸ்டார் ட்ரெக் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். இது பின்னால் முக்கியமாகிறது.

முதலில் எளிதாகத் தெரிபவை. காமிக் கான் இந்தியாவில் 2011இல் டெல்லியில் தொடங்கியது. பெங்களூருவுக்கு 2012இலேயே வந்துவிட்டது, சென்னைக்கு 2024இல்தான். அந்த வயது வித்தியாசம் அரங்கில் நுழைந்ததுமே தெரிகிறது. பெங்களூருவில் கடைகள் அதிகம். வேடம் போட்டு வருபவர்களின் தையலும் அட்டை வேலையும் ஒரு படி மேலே நின்றன. குளிரும் நமக்குப் பழகிய குளிர். சென்னையில் பிப்ரவரியிலேயே வெயில் காய்ந்தது, வெளியே வரிசையில் நின்ற அரை மணி நேரத்தில் அப்பாவின் கெட்டித் துணிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே போனால் ஏசி இருக்கிறது, ஆனாலும் மெல்லிய பருத்தியில் தைத்திருக்கலாம். வேடத்தோடு கொண்டுபோகும் பொம்மை ஆயுதங்களைச் சோதித்துத்தான் விடுவார்கள். நுழைவுச்சீட்டு, சாப்பாடு, கூட்டம் ஆகியவற்றில் பெரிய வித்தியாசம் எதையும் நான் பார்க்கவில்லை.

அப்புறம் என்னதான் வித்தியாசம் என்றால், வீடு திரும்பும் வழி. மலையில் இருப்பவர்களுக்கு எல்லாமே இதில்தான் போய் நிற்கிறது.

பெங்களூருவுக்கு நாங்கள் காரில் போனோம். ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை, மைசூரு என்று போகும் வழி. பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. ஆம்புலன்ஸும் ஒரு சில அரசுப் பேருந்துகளும் தவிர வேறு வண்டி போக முடியாது. இரவில் யானையும் மானும் வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்கப் போட்ட தடை அது. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். முதுமலைச் சாலையில் எத்தனையோ முறை யானைக்காக வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறோம். காடு அவற்றுடையது. ஆகவே தடையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தடைக்குள் நம் ஒரு நாள் எப்படி அடங்குகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் கணக்கைப் பாருங்கள். அதிகாலை 3.45க்குக் குன்னூரில் கிளம்பினோம். ஆறு மணிக்கு, முதுமலைக் காடு தொடங்கும் தொரப்பள்ளி சோதனைச்சாவடியில் நின்றோம். எட்டரைக்கு மைசூரு, பத்தே முக்காலுக்குப் பெங்களூருவின் மேற்கு எல்லையில் இருக்கும் கெங்கேரி. அதற்கு மேல் நகருக்குள் காரை ஓட்ட முடியாது என்று அங்கேயே நிறுத்திவிட்டு மெட்ரோ பிடித்தோம். ஊதாத் தடம் 2023இல் ஒயிட்ஃபீல்டு வரை முழுதாகத் திறந்துவிட்டதால் அந்தப் பக்கம் இருக்கும் அரங்கத்துக்குப் போவது இப்போது எளிது. இருந்தும் உள்ளே நுழையும்போது மணி 12.15. திரும்பி வரும்போது ஒன்பதுக்குள் குண்டலுப்பேட்டை தாண்டி மேலுகாமனஹள்ளி கேட்டைக் கடந்தாக வேண்டும். மைசூரு சாலையில் ஒரு நெரிசல் மாட்டினாலும் போச்சு. அதனால் இரண்டரை மணிக்கே கிளம்பிவிட்டோம். கேட்டை அடையும்போது மணி எட்டு. குன்னூர் வந்து சேர இரவு 11.15 ஆகிவிட்டது. பத்தொன்பதரை மணி நேரத்தில் விழாவில் இருந்தது இரண்டே கால் மணி நேரம்.

அந்த இரண்டே கால் மணி நேரமும் வரிசையிலும் கடைகளிலும் கரைந்தது. இரண்டு ஊரிலும் பார்த்ததைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் பட்டது இதுதான்: மதியம் வரை எல்லோரும் வாங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மூன்று நான்கு மணிக்கு மேல் கால் ஓய்ந்து சுவரோரம் உட்காருகிறார்கள். பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது. விழா என்பதே அந்தப் பேச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் முதல் பெரிய மாநாட்டைக் கூட்டியபோது தொடர் நின்று இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. 79 அத்தியாயங்களோடு 1969இல் முடித்துவிட்டார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது மூவாயிரம் பேருக்கு மேல். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் எழுத்தாளர் ஐசக் அசிமோவும் வந்தார்கள், சரி. ஆனால் தனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்த மூவாயிரம் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதுதான் அங்கே நடந்த பெரிய விஷயம். பெங்களூருவில் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. நாங்கள் வெளியே போகும்போது எதிரே மூன்று நீலச் சட்டைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அப்பா கையை உயர்த்தினார், அவர்களும் உயர்த்தினார்கள். நின்று பேச நேரமில்லை.

வேறு வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமங்கலம் வழியாக வந்தால் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இதே இரவுத் தடை. ஓசூர், சேலம், அவிநாசி என்று சுற்றினால் காடு இல்லை, ஆனால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இரவு முழுக்க ஓட்டிவிட்டு விடியற்காலை மூடுபனியில் பர்லியார் மலைப்பாதை ஏற வேண்டும். தூக்கக் கண்ணோடு அந்த வளைவுகளில் அப்பாவை வைத்துக்கொண்டு ஓட்ட நான் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமையே போய்த் திங்கள்கிழமை திரும்பும் அளவுக்கு விடுப்பும் தங்கும் செலவுக்குப் பணமும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் பெங்களூருவே சிறந்ததாக இருக்கலாம். இரண்டே கால் மணி நேரம் பார்த்த ஊரைப் பற்றி அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

சென்னைக்கு வருவோம். தூரம் பார்த்தால் பெங்களூருவை விட எவ்வளவோ அதிகம். ஆனால் நமக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. சனிக்கிழமை மாலை குன்னூரில் பேருந்து ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டோம். ஒன்பது மணிக்கு மேல் வண்டி கிளம்பியது. மேட்டுப்பாளையத்திலேயே புறப்படும் வண்டி என்பதால் பெட்டி காலியாக நிற்கும். மூட்டையை நிதானமாக வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ்ப்படுக்கை கிடைத்தது. படுத்தவர் அரக்கோணத்தில்தான் எழுந்தார். காலையில் சென்ட்ரல். ஓய்வறையில் குளித்து, அங்கேயே சீருடை மாற்றி, மெட்ரோவில் ஆலந்தூர், அங்கிருந்து ஆட்டோவில் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். கதவு திறக்கும்போதே வாசலில் நின்றோம்.

மாலை ஏழு மணி வரை இருந்தோம். அந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வது! மூன்றரை மணி வாக்கில் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சிவப்புச் சட்டை போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, "தாத்தா, நீங்க ஸ்பாக்கா?" என்று கேட்டாள். விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து வணக்கம் வைத்தாள். அந்த வணக்கத்தை ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய், தான் சிறுவயதில் யூத வழிபாட்டில் பார்த்த ஆசீர்வாதத்திலிருந்து எடுத்தார் என்று அப்பா சொல்லத் தொடங்கினார். ஐந்து மணிக்குள் அங்கே ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து வந்த ஒரு வங்கி ஊழியர், வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும், இன்னும் சிலர். பழைய தொடரா, அடுத்து வந்தவையா என்று வாதம். 1979இல் வந்த முதல் திரைப்படத்தில் நம் இந்திய நடிகை பெர்சிஸ் கம்பாட்டா மொட்டைத் தலையோடு நடித்தார் என்று அப்பா சொன்னதை அந்தச் சிறுவன் நம்பவில்லை. கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். தூர்தர்ஷன் நாட்களைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் சென்ட்ரல் வந்துவிட்டோம். திரும்பும் வண்டியும் இரவு ஒன்பது மணி வாக்கில்தான். கேட் மூடும் பதைப்பு இல்லை, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியதும் இல்லை. திங்கள் காலை ஆறரைக்கு மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10க்கு அங்கிருந்தே கிளம்பும். அலுவலகம் இல்லாவிட்டால் அதில் வந்திருப்போம். பேருந்தில் எட்டேகாலுக்குக் குன்னூர், பத்து மணிக்கு நான் என் மேசையில்.

சென்னையிலும் சிக்கல் உண்டு. ஞாயிறு இரவு வண்டியில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. விழா தேதி அறிவித்தவுடன், 60 நாள் முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே திரும்பும் சீட்டை முதலில் எடுத்துவிடுங்கள், நுழைவுச்சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் போனது ஒரே ஒரு முறை. அந்த ஒன்பது பேர் சேர்ந்தது எங்கள் நல்ல நேரமாகவும் இருக்கலாம். அடுத்த முறையும் அப்படி அமையும் என்று உறுதி சொல்ல முடியாது.

கோத்தகிரிக்காரர்களுக்கும் இதே கணக்குதான், மேட்டுப்பாளையம் அவர்களுக்கும் கிட்டத்தில். கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மாறும். காட்டைத் தாண்டியதும் அவர்களுக்கு வீடு பக்கம் என்பதால், மூன்றேகால் மணி வரை பெங்களூருவில் இருந்துவிட்டு ஒன்பதுக்குள் கேட்டைத் தாண்ட முயலலாம். முடியாவிட்டால் குண்டலுப்பேட்டையில் தங்கிவிட்டு விடியற்காலை ஆறு மணிக்குக் காட்டைக் கடக்கலாம்.

அப்பா நீலச் சட்டையை மறுபடியும் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். இந்த முறை மெல்லிய பருத்தியில், கை முனையில் பொன்னிறப் பட்டியோடு. திருச்சிக்காரர் இந்தப் பிப்ரவரிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.